கடல் தேய்த்துக் கொடுத்த கண்ணாடி

கோயம்புத்தூர்க்காரிக்குக் கடல் என்பது ஆண்டுக்கொரு முறை திருச்செந்தூரிலோ இராமேஸ்வரத்திலோ கால் நனைத்துவிட்டு, ஈரப் பாவாடையோடு பேருந்து ஏறுகிற இடம். அங்கே குனிந்து எதையாவது பொறுக்கினால், "குப்பையைத் தொடாதே கண்ணு" என்று அம்மா கையைத் தட்டிவிடுவார். அப்படி வளர்ந்த நான், இங்கிலாந்தின் வடகிழக்கில் உள்ள சண்டர்லாந்துக்குக் குடிவந்த இந்த ஒன்பது ஆண்டுகளில், வாரத்துக்கு ஒரு நாளாவது குனிந்த தலை நிமிராமல் கடற்கரையில் நடப்பவளாக மாறிவிட்டேன். நான் பொறுக்குவதும் குப்பைதான். நூறு, நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன் ஒரு பாட்டில் ஆலை கடலில் கொட்டிய கண்ணாடிக் கழிவு அது. அதை வெள்ளியில் கட்டித் தோடும் பதக்கமும் செய்கிறேன். இந்த வேலையில் நான் கற்றுக்கொண்டது பெரும்பாலும் எதைச் செய்யாமல் விட வேண்டும் என்பதைத்தான். அதைக் கற்கவே இத்தனை ஆண்டுகள் ஆயின.

சண்டர்லாந்திலிருந்து தெற்கே சில நிமிட ரயில் பயணத்தில் வருகிற ஊர் சீஹாம். உள்ளூர்க்காரர்கள் வாயில் அது 'சீயம்'. லண்டன்டெரி பிரபு தன் நிலக்கரியை ஏற்றுவதற்காக 1828-இல் துறைமுகம் கட்டத் தொடங்கியபோது உருவான ஊர் இது. அங்கே 1853-இல் ஜான் கேண்ட்லிஷ் என்பவர் பாட்டில் ஆலை ஒன்றைத் தொடங்கினார். அவர் பிறகு சண்டர்லாந்தின் நாடாளுமன்ற உறுப்பினரும் ஆனார். கையால் ஊதிச் செய்த பாட்டில்கள் நாளொன்றுக்கு 20,000 வரை அந்த ஆலையிலிருந்து வெளியேறியதாக ஊர் வரலாறு சொல்கிறது. ஊதும்போது கோணிப்போனது, குளிரும்போது வெடித்தது, உலையின் அடியில் உறைந்தது என்று தினமும் மிஞ்சியதையெல்லாம் வண்டியில் ஏற்றிக் கடலில் தள்ளினார்கள். 1921-இல் ஆலை மூடப்பட்டது. ஆனால் வட கடலின் அலைகளுக்கு அந்தச் செய்தி இன்னும் எட்டவில்லை. அன்று தள்ளியதை இன்றும் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைக்குத் திருப்பி அனுப்பிக்கொண்டிருக்கின்றன. கவிஞர் பைரன் 1815 ஜனவரியில் மணம் முடித்தது இங்கேயுள்ள சீஹாம் மாளிகையில்தான். மாளிகைக்குக் கீழே உள்ள கரையில்தான் நான் முதன்முதலில் கண்ணாடி எடுத்தேன். பாவம், அவர் நடந்த காலத்தில் அங்கே பொறுக்க ஒன்றும் இருந்திருக்காது.

அழகான கடற்கரையைக் கற்பனை செய்துகொண்டு யாரும் இங்கே வர வேண்டாம். மஞ்சள் படர்ந்த சுண்ணாம்புப் பாறைச் சரிவு, அதன் கீழே சரளைக்கல், அதற்கப்பால் சாம்பல் நிற நீர், அவ்வளவுதான். ஊரைச் சுற்றியிருந்த நிலக்கரிச் சுரங்கங்கள் தங்கள் கழிவையும் பல பத்தாண்டுகள் இதே கடலில்தான் கொட்டின. சுரங்கங்கள் தொண்ணூறுகளின் தொடக்கத்தில் மூடப்பட்டன. அதன்பின் பெரும் செலவில் கரையைத் தூய்மைப்படுத்தினார்கள். இன்றும் கூழாங்கற்களுக்கிடையே கரித்துண்டுகள் கறுப்பாக மின்னும். புதிதாக வருபவர்கள் அதைக் கறுப்புக் கண்ணாடி என்று நினைத்து எடுத்துக்கொண்டு, பிறகு கைக்குட்டையைத் துவைப்பார்கள், நானும் துவைத்திருக்கிறேன்.

கண்ணாடி தேடுபவளுக்கு வானிலை அறிக்கையைவிட ஓதக் கணக்குதான் முக்கியம். நாளுக்கு இருமுறை கடல் வற்றும். ஒரு வற்றுக்கும் அடுத்ததற்கும் ஏறக்குறைய பன்னிரண்டரை மணி நேரம் இடைவெளி. அமாவாசையையும் பௌர்ணமியையும் ஒட்டிய நாள்களில் நீர் வழக்கத்தைவிட வெகுதூரம் உள்ளே போகும் என்பதால், என் சமையலறையில் ஊரிலிருந்து வந்த தினசரி நாட்காட்டி தொங்குகிறது. அமாவாசைகளை நான் சிவப்பு மையில் சுழித்து வைத்திருப்பதைப் பார்த்துவிட்டு, மகள் இந்தக் குளிர் நாட்டிலும் விரதம் இருக்கிறாள் என்று அம்மா நெகிழ்ந்துபோனார். உண்மையைச் சொல்ல எனக்கு இரண்டு நாள் ஆயிற்று.

கிழக்கிலிருந்து பலத்த காற்று அடித்து, சரளைப் படுகை புரண்டு ஓய்ந்த மறுநாள் காலைதான் சிறந்த வேளை. நீர் வடிய வடிய அதன் பின்னாலேயே நடக்க வேண்டும். ஈரமாக இருக்கும்போது எல்லாக் கல்லும் பளபளக்கும். கண்ணாடியோ சற்று உள்ளிருந்து ஒளிர்வதுபோல் தெரியும். வெயில் முகத்தில் படும்படி நடந்தால் அந்த ஒளிர்வு எளிதில் பிடிபடும். இதை எனக்குச் சொல்லிக்கொடுத்தவர் சுரங்கத்தில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற ஒரு பெரியவர். இந்தப் பகுதியில் அறிமுகமில்லாதவர்களையும் 'பெட்' என்றுதான் கூப்பிடுவார்கள். எங்கள் கொங்குப் பக்கத்துக் 'கண்ணு' போலத்தான். முதல் நாள் நான் வேகவேகமாக நடப்பதைப் பார்த்துவிட்டு, "உட்காரு, பெட். இடத்தை மாற்றாதே. ஒரு முழத்தை ஒழுங்காகப் பார்" என்றார். உட்கார்ந்தேன். அரை மணி நேரத்தில் பதினோரு துண்டுகள் கிடைத்தன.

கரைக்கு வந்த கண்ணாடியை எல்லாம் கடற்கண்ணாடி என்று சொல்லிவிட முடியாது. மணலும் சோடாவும் சுண்ணாம்பும் உருகிச் சேர்ந்த பொருள்தான் சாதாரண பாட்டில் கண்ணாடி. அது கடல்நீரில் ஆண்டுக்கணக்காகக் கிடக்கும்போது அதன் மேற்பரப்பிலிருந்து சோடியம் மெல்லக் கசிந்து வெளியேறும். அந்தப் பரப்பில் நுண்ணிய குழிகள் விழும். மறுபுறம் அலையும் சரளையும் அதன் விளிம்புகளை உருட்டித் தேய்க்கும். நீரின் இரசாயன வேலையும் கல்லின் முரட்டு வேலையும் சேர்ந்தால்தான் அந்தப் பனி படர்ந்த தோல் உருவாகிறது. அதற்குப் பல பத்தாண்டுகள் வேண்டும். பூதக்கண்ணாடியில் பார்த்தால், நகத்தால் கீறினாற்போன்ற பிறை வடிவத் தழும்புகள் ஒன்றன்மேல் ஒன்றாக எண்ணற்றுத் தெரியும். கல்லில் மோதிய ஒவ்வோர் அடிக்கும் ஒரு பிறை. விளிம்பு கூர்மையாகவும் மேற்பரப்பு பளபளப்பாகவும் உள்ள துண்டை நாங்கள் 'வேகவில்லை' என்று சொல்லி மீண்டும் கடலுக்கே எறிந்துவிடுவோம். இன்னும் ஐம்பது ஆண்டு கழித்து வேறு யாருக்காவது அது பதமாகிக் கிடைக்கும்.

நிறங்களில் பச்சையும் பழுப்பும் வெள்ளையும்தான் மிகுதி. மணலில் இயல்பாகவே உள்ள இரும்பு, கண்ணாடியைப் பச்சையாக்குகிறது. இரும்போடு கரியும் கந்தகமும் சேர்ந்தால் பீர் பாட்டில் பழுப்பு. அடர் நீலத்துக்குக் கோபால்ட். அது மிகச் சிறிதளவு போதும் என்பதால், மருந்துக் குப்பிகளுக்கும் நச்சுக் குப்பிகளுக்கும் அந்த நிறத்தைத் தாராளமாகப் பயன்படுத்தினார்கள். விளக்கில்லாத இரவில் தடவிப் பார்த்தே விஷம் என்று அறியும்படி அந்தக் குப்பிகளில் வரிவரியாக மேடு வைத்திருப்பார்கள். அந்த வரி இன்னும் மங்கலாகத் தெரிகிற ஒரு நீலத் துண்டு என்னிடம் இருக்கிறது. அதை யார் காதிலும் மாட்ட எனக்கு மனம் வரவில்லை. பொன்னோ செம்போ சேர்த்துச் செய்கிற சிவப்பு, விலை மிகுந்த கண்ணாடி என்பதால் கழிவிலும் அரிது. ஒன்பது ஆண்டுகளில் எனக்குக் கிடைத்த சிவப்புத் துண்டுகள் நான்கு.

சீஹாமுக்கே உரிய செல்வம் என்று எல்லோரும் தேடி வருவது பல நிறத் துண்டுகளை. ஒரே துண்டில் நீலமும் வெள்ளையும், அல்லது பச்சைக்குள் ஆரஞ்சுமாக, அடுக்கடுக்காகவோ சுழலாகவோ நிறங்கள் உறைந்திருக்கும். பாட்டில் ஆலையில் இப்படிப்பட்ட கண்ணாடிக்கு வேலை இல்லை. சண்டர்லாந்து வட்டாரத்தில் அலங்காரக் கண்ணாடியும் தேவாலயச் சாளரங்களுக்கான வண்ணக் கண்ணாடியும் செய்த பட்டறைகளின் மிச்சமே இவை என்பதுதான் பெரும்பாலோர் கருத்து. அதை நம்புவது எனக்கும் எளிதாகவே இருக்கிறது. பெனடிக்ட் பிஸ்காப் என்ற துறவி 674-இல் வியர் ஆற்றின் முகத்துவாரத்தில் மடம் நிறுவியபோது, சாளரங்களுக்குக் கண்ணாடி செய்யத் தெரிந்தவர்கள் இங்கே யாருமில்லை என்று கடல் கடந்து, இன்றைய பிரான்ஸ் பகுதியான 'கால்' (Gaul) நாட்டிலிருந்து கைவினைஞர்களை வரவழைத்தார். அந்த மடத்தின் தேவாலயம் என் வீட்டிலிருந்து நடக்கும் தூரத்தில் இருக்கிறது. அவ்வளவு பழைய தொழிலின் கடைசிச் சொட்டுகள் கடலுக்குப் போகாமல் வேறெங்கே போயிருக்கும்?

இரவில் தேடுபவர்களும் உண்டு. யுரேனியம் மிகச் சிறிதளவு சேர்த்த கண்ணாடி, புற ஊதா விளக்கின்கீழ் எலுமிச்சைப் பச்சையில் சுடர்விடும். பத்தொன்பதாம் நூற்றாண்டில் அது பிடித்தமான அலங்காரப் பொருளாக இருந்தது. ஒரு நவம்பர் இரவில் நானும் போனேன். இரண்டு மணி நேரம் பிளாஸ்டிக் நூல்கள்தான் மின்னின. கைவிரல்கள் மரத்துப்போன பிறகு, சுண்டு விரல் நகமளவுக்கு ஒன்று கிடைத்தது. அடுத்த நாள் பகலில் பார்த்தால் அது வெறும் வெளிறிய மஞ்சள். மீண்டும் இரவில் போகவில்லை.

வீட்டுக்கு வந்ததும் துண்டுகளை ஒரு வாளி நன்னீரில் ஊறவைத்துப் பழைய பல்துலக்கியால் உப்பை நீக்குவேன். உலர்ந்த பிறகு முட்டை அட்டைப்பெட்டியின் குழிகளில் நிறவாரியாகப் போடுவேன். நூறு துண்டுகளில் நகைக்குத் தேறுவது நான்கோ ஐந்தோதான். மிகவும் தடித்தது காதை இழுக்கும். மிகவும் மெலிந்தது உடையும். தோட்டுக்கு இரண்டு வேண்டும். ஒரே நிறத்தில், ஒரே பருமனில், ஏறத்தாழ ஒரே வடிவத்தில் இரண்டு துண்டுகளைச் சேர்ப்பதற்குள் ஓர் ஆண்டு ஓடிவிடும். ஒரு கடல்பச்சைத் துண்டு தன் இணைக்காக மூன்று ஆண்டுகள் அந்தக் குழியில் காத்திருந்தது. தொடக்கத்தில் இந்தப் பொறுமை எனக்கு இல்லை. பெரிய துண்டை வைர அரத்தால் தேய்த்துச் சிறியதன் அளவுக்குக் கொண்டுவந்தேன். அளவு சரியாகத்தான் வந்தது. ஆனால் அரம் பட்ட இடம் சுண்ணாம்பு பூசியதுபோல் வெளுத்து, பிறைத் தழும்புகள் எல்லாம் அழிந்து, பக்கத்துத் துண்டோடு சேராமல் தனியாகத் தெரிந்தது. அன்று அரத்தை எடுத்து உள்ளே வைத்தேன்.

துளையிடுவதுதான் இந்தத் தொழிலில் மூச்சை அடக்கிச் செய்கிற வேலை. ஓர் ஆழமற்ற பிளாஸ்டிக் கிண்ணத்தின் அடியில் மரத்துண்டு ஒன்றை வைத்து, அதன்மேல் கண்ணாடியைப் பசைக்களிம்பால் ஒட்டி நிறுத்தி, அது மூழ்கும்வரை தண்ணீர் ஊற்றுவேன். ஒரு மில்லிமீட்டர் தடிமனுள்ள, வைரத்தூள் பூசிய துளையூசியை முதலில் சாய்த்துப் பிடித்து ஒரு சிறு பள்ளம் கீற வேண்டும். நேராக வைத்தால் வழுக்கிக்கொண்டு ஓடிக் கண்ணாடியின் தோலில் கோடு போட்டுவிடும். பள்ளம் விழுந்ததும் மெல்ல நிமிர்த்த வேண்டும். அதன்பின் அழுத்தக் கூடாது. ஊசியின் எடையே போதும். சில விநாடிகளுக்கொரு முறை ஊசியைத் தூக்கினால், துளையிலிருந்து பால்போல் வெள்ளையாக ஒரு கலங்கல் புறப்பட்டுத் தண்ணீரில் விரியும். அந்தப் பால்தான் கண்ணாடித்தூள். அது காற்றில் பறந்து நுரையீரலுக்குள் போகாமலிருக்கவும், உராய்வுச் சூட்டில் துண்டு வெடிக்காமலிருக்கவும்தான் இந்தத் தண்ணீர் ஏற்பாடு. மூன்றில் இரண்டு பங்கு ஆழம் போனதும் நிறுத்தி, துண்டைத் திருப்பி மறுபக்கத்திலிருந்து துளைக்க வேண்டும். ஒரே பக்கமாகத் துளைத்து முடித்தால், ஊசி வெளியேறும் இடத்தில் சிப்பி வடிவத்தில் ஒரு செதில் பெயர்ந்துவிடும். இரண்டு துளைகளும் நடுவில் சந்திக்கும்போது ஊசியின் ஓசை சட்டென்று மாறும். அந்த ஓசை மாறும் வரை என் வீட்டில் யாரும் என்னிடம் பேசக் கூடாது என்பது விதி.

துளை என்றதும் புதுச்சேரிக்கு அருகிலுள்ள அரிக்கமேட்டின் நினைவு எனக்கு வராமல் இருப்பதில்லை. அங்கே ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன் கண்ணாடி மணி செய்தவர்கள் எதையும் துளைக்கவில்லை. உருகிய கண்ணாடியை உள்ளீடற்ற நீண்ட குழலாக இழுத்து, ஆறியபின் அதைச் சிறுசிறு துணுக்குகளாக நறுக்கி, மீண்டும் சூடேற்றி விளிம்பை மழுக்கினார்கள். மணி பிறக்கும்போதே துளையோடு பிறந்தது. ஆந்திரத்தின் பாப்பாநாயுடுபேட்டையில் இந்த முறை நம் காலம்வரை வந்து சேர்ந்திருக்கிறது. பள்ளிச் சுற்றுலாவில் அரிக்கமேட்டு மணிகளை அருங்காட்சியகக் கண்ணாடிப் பெட்டிக்குள் பார்த்தபோது நான் கொட்டாவி விட்டேன். ஆறிக் கெட்டியான கண்ணாடியில் துளையிடப் படாதபாடு படுகிற இப்போதுதான், அவர்கள் அந்தத் தொல்லையையே எவ்வளவு நேர்த்தியாகத் தவிர்த்துவிட்டார்கள் என்பது புரிகிறது.

துளையிட்டு நான் கெடுத்த ஒரு துண்டைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். மூன்று ஆண்டுகளுக்கு முன் ஒரு பெண்மணி தன் கணவர் இறப்பதற்கு முந்தைய கோடையில் பொறுக்கிக் கொடுத்த வெளிர்நீலத் துண்டைக் கொண்டுவந்து, பதக்கமாக்கித் தரும்படி கேட்டார். எப்போதும்போல் வெளிச்சத்தில் உயர்த்திப் பார்த்தேன். விரிசல் எதுவும் தெரியவில்லை. தண்ணீருக்குள் வைத்தேன், மெதுவாகவே துளைத்தேன், திருப்பினேன். ஓசை மாறுவதற்குச் சற்று முன், நகம் முறிவதுபோல் ஒரு சத்தம் கேட்டது. துண்டு குறுக்கே இரண்டாகக் கிடந்தது. பனித்தோலுக்கு அடியில் ஒரு பிறைத் தழும்பு ஆழமாக உள்ளே இறங்கியிருந்திருக்கிறது. அதை வெளியிலிருந்து பார்க்க வழியில்லை. வேண்டுமானால் இரண்டு பாதியையும் தோடாக்கித் தருகிறேன் என்று அவரிடம் சொன்னேன். சொல்லும்போதே அது எவ்வளவு அபத்தம் என்று எனக்குத் தெரிந்தது. அவர் கோபப்படவில்லை. இரண்டு பாதியையும் ஒரு காகிதக் கைக்குட்டையில் சுற்றிக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டு, பேருந்துக்கு நேரமாகிறது என்று கிளம்பிவிட்டார். அன்றிலிருந்து பிறர் கொண்டுவரும் கண்ணாடியில் நான் துளையிடுவதில்லை. கம்பியால் கட்டித் தருவேன், அல்லது வெள்ளி விளிம்புக்குள் பதித்துத் தருவேன். அதற்கு அவர்கள் ஒப்பவில்லை என்றால் வேலையை ஏற்பதில்லை.

கம்பி கட்டுவது பார்ப்பதற்கு எளிது. 0.8 மில்லிமீட்டர் வெள்ளிக் கம்பியை விளிம்பைச் சுற்றி வளைத்து, தலைமயிரைவிடச் சற்றே தடித்த இன்னொரு கம்பியால் ஆங்காங்கே சுற்றிக் கட்ட வேண்டும். சிக்கல் என்னவென்றால், கடல் எல்லா மூலைகளையும் மழுக்கிவிட்டிருக்கும். கம்பிக்குப் பிடிமானமே இருக்காது. முக்கோணத் துண்டாக இருந்தால் பிழைத்தோம். உருண்டையாக இருந்தால், காலையில் கட்டியது மாலையில் கழன்று தரையில் கிடக்கும். வெள்ளிக்கு இன்னொரு குணமும் உண்டு: வளைக்க வளைக்க இறுகிக்கொண்டே போய், ஒரு கட்டத்தில் முறிந்துவிடும். ஆகையால் வளைவை முதலிலேயே மனத்தில் முடிவுசெய்துகொண்டு, ஒரே முறையில் வளைத்துவிட வேண்டும். தயங்கித் தயங்கி மூன்று முறை திருத்திய கம்பி, பார்த்தவுடனேயே தன்னைக் காட்டிக்கொடுத்துவிடும்.

வெள்ளி விளிம்புக்குள் பதிக்கும் முறையை இங்கே மாலை வகுப்பொன்றில்தான் கற்றேன் என்றாலும், முதல் வகுப்பில் மேசைமேல் வைத்திருந்த கருவிகளைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்பு வந்தது. குறடு, சாமணம், அரம், ஊதுகுழல், வெண்காரம், பற்றாசு. இவை அனைத்தும் கோயம்புத்தூர் பெரிய கடை வீதிக்குப் பின்னால் உள்ள சந்தில் எங்கள் வீட்டு நகைகளைச் செய்துகொடுத்த பத்தரின் மரப்பெட்டியில் இருந்தவைதான். அவர் வேலைசெய்யும்போது பக்கத்தில் குந்தி உட்கார்ந்து பார்க்க எனக்கு அனுமதி இருந்தது; மூச்சு விட்டால் பொடி பறக்கும் என்று மூக்கைப் பொத்திக்கொள்ளச் சொல்வார். பற்றவைப்பதற்கு முன் வெண்காரத்தை ஏன் தடவ வேண்டும் என்று இங்குள்ள ஆசிரியர் விளக்கியபோது, முப்பது ஆண்டுகளுக்கு முன் பத்தர் ஒரு வார்த்தையில் சொன்னதுதான் நினைவுக்கு வந்தது: "அழுக்கு அண்டாம இருக்க."

ஆனால் பத்தரின் முறையை அப்படியே இங்கே கொண்டுவந்தது என் தவறு. நம் பழைய நகைகளில் கல்லின் முதுகை மூடிக் கட்டுவார்கள். உள்ளே பளபளக்கும் தகடு வைத்து, முன்னால் விழும் வெளிச்சத்தைத் திருப்பி அனுப்பச் செய்வார்கள். பட்டை தீட்டிய கல்லுக்கு அது பொருந்தும். நான் முதலில் செய்த நீலப் பதக்கத்தை அப்படி முழுத் தகட்டின்மேல் வைத்துக் கட்டினேன். கையில் பிடித்தபோது நீலமாக இருந்தது, கட்டி முடித்ததும் கறுப்பாகிவிட்டது. கடற்கண்ணாடியின் தோல் வெளிச்சத்தைத் திருப்பி அனுப்பாது. உள்ளே வாங்கிப் பரப்பிக்கொள்ளும். அதற்குப் பின்னாலிருந்து வெளிச்சம் வர வேண்டும். வைரத்தோடு வாங்கும்போது 'ஓப்பன் செட்டிங்கா, குளோஸ் செட்டிங்கா' என்று அம்மாவும் சித்தியும் கடையில் அரை நாள் விவாதித்தது எதற்காக என்று அப்போதுதான் விளங்கியது. இப்போது பின்தகட்டின் நடுப்பகுதியை மெல்லிய வாளால் அறுத்து எடுத்துவிட்டு, கண்ணாடி உட்கார ஓரத்தில் ஓர் இழை மட்டும் விடுகிறேன். அணிபவரின் சட்டை வெள்ளையாக இருந்தால் கண்ணாடி ஒரு நிறம், கறுப்பாக இருந்தால் வேறொரு நிறம்.

இங்கே வேலையின் வரிசையை மாற்றவே முடியாது. கண்ணாடி நெருப்பைத் தாங்காது என்பதால், பற்றவைக்கும் வேலை, அமிலத்தில் கழுவும் வேலை, மெருகிடும் வேலை எல்லாம் முடிந்த பிறகுதான் அதை விளிம்புக்குள் வைக்க வேண்டும். வைத்தபின் மெருகுக் களிம்பு அதன்மேல் பட்டால், நுண்குழிகளுக்குள் கறுப்பாகப் போய் உட்கார்ந்துகொண்டு எளிதில் வெளியே வராது. கடைசியில் விளிம்பை நாலு திசையிலும் மாறிமாறி அழுத்தி மடக்குவேன். எந்த இரண்டு துண்டும் ஒரே வடிவில் இருப்பதில்லை ஆகையால், ஒவ்வொன்றுக்கும் விளிம்பைப் புதிதாக அளந்து செய்ய வேண்டும். ஒரு பதக்கத்துக்கு ஒரு மாலை முழுவதும் போய்விடும். பிரிட்டனில் 7.78 கிராமுக்கு மேற்பட்ட வெள்ளி நகையை முத்திரையில்லாமல் வெள்ளி என்று சொல்லி விற்கக் கூடாது. என் பதக்கங்களின் வெள்ளி அதற்குள் அடங்கிவிடும், பெரியவற்றை மட்டும் முத்திரைக்கு அனுப்புகிறேன்.

சந்தையில் கடை போட்டால் இரண்டு கேள்விகள் தவறாமல் வரும். "கரையில் சும்மா கிடக்கிற கண்ணாடிக்கா இவ்வளவு விலை?" என்பது முதலாவது. அதற்கு நான் துளையூசியை எடுத்துக் காட்டுவேன். ஓர் ஊசி எனக்குப் பத்துப் பதினைந்து துளைகளுக்கு மேல் வருவதில்லை. "இது உண்மையானதா?" என்பது இரண்டாவது, நியாயமானதும் அதுதான். புதுப் பாட்டிலை உடைத்து மணலோடு இயந்திர உருளையில் சில நாள் சுழற்றினால், அல்லது அமிலத்தில் நனைத்தால், தொலைவிலிருந்து பார்க்கக் கடற்கண்ணாடி போலவே ஒன்று கிடைத்துவிடும். அதன் தோல் பட்டுத்துணிபோல் எங்கும் ஒரே சீராக இருக்கும். பிறைத் தழும்பு இருக்காது. அப்படிச் செய்வதில் குற்றமில்லை, அதை அப்படியே சொல்லி விற்றால். எனக்கு ஒப்பாதது வேறொன்று: உண்மையான கடற்கண்ணாடிமேல் எண்ணெய் தடவி ஈரப் பளபளப்பை வரவழைப்பது. அத்தனை பத்தாண்டுகள் தேய்ந்து உருவான ஒரே சிறப்பை ஒரு சொட்டு எண்ணெயால் மறைப்பதற்கு, புதுப் பாட்டிலையே உடைத்து மாட்டிக்கொண்டு போகலாம்.

இந்தக் கழிவுக்கும் முடிவு உண்டு. ஆலை மூடி நூறாண்டு கடந்துவிட்டது. இப்போது யாரும் கடலில் கண்ணாடி கொட்டுவதில்லை, கொட்டவும் கூடாது. கலிஃபோர்னியாவின் ஃபோர்ட் பிராக் ஊரில் 1967 வரை நகரக் குப்பையைக் கடலோரத்தில் கொட்டினார்கள். அந்தக் கரை இன்று கண்ணாடிக் கடற்கரை என்று பெயர் பெற்று மாநிலப் பூங்காவுக்குள் அடங்கிவிட்டது, அங்கிருந்து ஒரு துண்டைக்கூட எடுக்கக் கூடாது. சீஹாமில் இன்னும் எடுக்கிறோம். வார இறுதிகளில் வாளியோடும் சல்லடையோடும் வருபவர்களைப் பார்க்கும்போது எனக்குள் எழும் எரிச்சல் நியாயமற்றது என்று தெரியும், நானும் எடுப்பவள்தானே. இருந்தாலும் ஒரு கைக்குள் அடங்குவதற்கு மேல் எடுப்பதில்லை என்று வைத்துக்கொண்டிருக்கிறேன். வேகாததைத் திருப்பி எறிவதும் தொடர்கிறது.

சென்ற ஆண்டு அம்மா வந்திருந்தபோது ஓர் அமாவாசை மறுநாள் அவரையும் அழைத்துக்கொண்டு போனேன். இரண்டு கம்பளிச் சட்டைகளுக்கு மேல் சேலைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டு, பாறைமேல் உட்கார்ந்து என் வேலையைப் பரிதாபமாகப் பார்த்துக்கொண்டிருந்தவர், திடீரென்று காலடியிலிருந்து எதையோ எடுத்து, "கண்ணு, இது நம்ம சோடாக் கோலி ஆச்சே!" என்றார். அதேதான். வெளிர்பச்சையில், பனித்தோல் போர்த்திய ஒரு கோலிக்குண்டு. ஹைரம் காட் என்ற ஆங்கிலப் பொறியாளர் 1872-இல் காப்புரிமை பெற்ற பாட்டில்தான் நம் கோலி சோடா பாட்டில். சோடாவின் அழுத்தமே குண்டை மேலே தள்ளி வாயை அடைத்துக்கொள்ளும். இங்கே அது வழக்கொழிந்து பல காலம் ஆகிவிட்டது. குண்டுக்காகவே சிறுவர்கள் பாட்டிலை உடைத்தார்கள் என்று இங்கும் சொல்வார்கள்; அதை அம்மாவிடம் சொன்னபோது, தன் தம்பி அதற்காக வாங்கிய அடியைப் பற்றி வீடு வந்து சேரும்வரை பேசிக்கொண்டே வந்தார்.

அந்தக் குண்டைத் துளைக்க நான் நினைக்கவே இல்லை. வெள்ளிக் கம்பியில் ஒரு சிறு கூண்டு பின்னி, குண்டை அதற்குள் விட்டு, சங்கிலியில் கோர்க்கும்படி ஒரு வளையம் வைத்து, ஊருக்குத் திரும்பும் நாளில் அம்மாவின் கையில் கொடுத்தேன். நான் செய்ததிலேயே செம்மையான கம்பி வேலை அதுதான். ஒரு வளைவையும் இரண்டாம் முறை தொடவில்லை. போன வாரம் தொலைபேசியில் கேட்டேன், கழுத்தில் போட்டுக்கொள்கிறாரா என்று. குண்டைப் பூஜை அலமாரியில் சாளக்கிராமத்துக்குப் பக்கத்தில் ஒரு கிண்ணத்தில் வைத்திருக்கிறாராம். கூண்டு எங்கே என்றேன். கொஞ்ச நேரம் பதில் இல்லை. "கம்பி கையைக் குத்துச்சு கண்ணு. நல்ல வெள்ளியா இருந்துச்சு, பத்தர் மகன் கடையில எடைக்குப் போட்டுட்டேன்" என்றார்.